பூச்சியமா, விடையின்மையா?
மதிப்பீட்டுக் கணக்கில் எழும் ஓர் எச்சரிக்கையின் வரலாறு

தேர்வு மண்டபத்திற்கு வந்து அமர்ந்து, ஒரு வினாவுக்கேனும் சரியான விடை எழுதாத மாணவன் பெறும் மதிப்பெண் பூச்சியம். தேர்வுக்கே வாராத மாணவனுக்கு ஆசிரியர் பூச்சியம் இடுவதில்லை. ‘வரவில்லை’ என்று எழுதுகிறார். மலேசியப் பள்ளிகளில் ‘தீடாக் ஹாடிர்’ என்னும் மலாய்த் தொடரின் சுருக்கமாக ‘டி.எச்.’ என்ற இரண்டு எழுத்துகளை இடுவது வழக்கம். இருவரும் ஈட்டிய மதிப்பெண் ஒன்றுமில்லை என்பது உண்மையே. ஆயினும், முன்னவனைப் பற்றி ஆசிரியருக்கு ஒரு செய்தி தெரியும். பின்னவனைப் பற்றி ஒன்றும் தெரியாது. அறிந்த இன்மை வேறு, அறியாமை வேறு. இவ்விரண்டையும் ஒரே குறியால் எழுதினால் பதிவேடு பொய்யாகிவிடும்.

பள்ளிக்கூடம் நெடுநாளாக அறிந்துள்ள இச்சிறு வேறுபாடு, இன்று கணிப்பொறி உலகில் ஒரு பெரும் சிக்கலாக உருவெடுத்திருக்கிறது. ஜொகூர் மாநிலத்தின் கூலாய் வட்டாரத்திலுள்ள செடெனாக், பால்மரத்தாலும் செம்பனையாலும் பெயர்பெற்ற ஊர். இன்று அவ்வூரின் தொழில்நுட்பப் பூங்காவில் தரவு மையங்கள் எழுந்துள்ளன. நிரை நிரையாக மரங்கள் நின்ற நிலத்தில் நிரை நிரையாகக் கணிப்பொறிகள் நிற்கின்றன. இத்தகைய பொறிகளுக்கு இக்காலத்தில் இடப்படும் வேலைகளுள் தலையாய ஒன்று வகைப்படுத்துதல். வந்த மடல் வேண்டியதா வேண்டாததா, படத்திலுள்ள செம்பனை நலமுள்ளதா நோயுற்றதா, எழுதப்பட்ட வரி எம்மொழியைச் சேர்ந்தது என்றெல்லாம் பொறி தீர்ப்புக் கூறுகிறது. முன்பு விடை தெரிந்த எடுத்துக்காட்டுகள் பலவற்றைக் கொடுத்துப் பொறியைப் பழக்குகின்றனர். ஆதலின் இதற்கு எந்திரக் கற்றல் என்று பெயர்.

கற்றவனுக்குத் தேர்வு உண்டு. பொறிக்கும் தேர்வு வைத்து மதிப்பெண் இடுகின்றனர். அம்மதிப்பெண்ணைக் கணக்கிடும்போது சிற்சில வேளைகளில் கணிப்பொறித் திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றுகிறது. ‘இந்த அளவை சரிவர வரையறுக்கப்படவில்லை, ஆகவே பூச்சியம் என்று வைத்துக் கொள்ளப்படுகிறது’ என்பது அதன் பொருள். பலர் அதனைப் படியாமலே கடந்து செல்கின்றனர். சிலர் அது தோன்றாதவாறு வாயடைத்து விடுகின்றனர். அவ்வெச்சரிக்கையின் வேர்கள் அமெரிக்க வானிலைத் துறையிலும், இங்கிலாந்து நூலகம் ஒன்றிலும், பாரத நாட்டுக் கணித நூல்களிலும் ஓடியிருக்கின்றன.

சுழற்காற்றும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறும்

1884-ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவத்தின் சமிக்ஞைப் படையில் பணியாற்றிய ஜான் பார்க் ஃபின்லி என்பார், ‘டோர்னேடோ’ எனப்படும் கொடிய சுழற்காற்று எங்கு வீசும், எங்கு வீசாது என்று முன்கூட்டியே அறிவிக்க முயன்றார். நாட்டைப் பல பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ‘வரும்’ அல்லது ‘வாராது’ என்று தீர்ப்புக் கூறினார். இன்றைய வகைப்படுத்தும் பொறி செய்வதும் இதுவே. அன்று அதனைச் செய்தது மனித மூளை.

ஃபின்லி கூறிய முன்னறிவிப்புகள் மொத்தம் 2803. அவற்றுள் ‘வரும்’ என்றவை 100. அந்த 100-இல் 28 பலித்தன, 72 பொய்த்தன. உண்மையில் சுழற்காற்று வீசிய நிகழ்வுகள் 51. ஆகவே அவர் தவறவிட்டவை 23. எஞ்சிய 2680 அறிவிப்புகளில் ‘வாராது’ என்றார், அவ்வாறே வரவில்லை. பலித்த 28-ஐயும் 2680-ஐயும் கூட்டினால் 2708. இது மொத்தத்தில் 96.6 விழுக்காடு. இவ்வெண்ணைக் கண்டவர் எவரும் வியப்புறுவர்.

ஆனால், அதே ஆண்டிலேயே நிலவியல் அறிஞர் குரோவ் கார்ல் கில்பர்ட் இதன் குறையை எடுத்துக் காட்டினார். ஒருவர் வானத்தை அண்ணாந்தும் பாராமல், 2803 முறையும் ‘வாராது, வாராது’ என்றே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 51 முறை மட்டுமே தவறியிருப்பார். 2752 முறை அவர் சொல் பலித்திருக்கும். அது 98.2 விழுக்காடு. உழைத்துக் கணித்தவரைவிட ஒன்றும் செய்யாதவர் உயர்ந்த மதிப்பெண் பெறுகிறார்! அரிதாக நிகழும் ஒன்றைப் பற்றிய தேர்வில் மொத்தச் சரிவிடைகளின் விழுக்காடு ஒரு மாயக் கண்ணாடி என்பது இவ்வாறு புலனாயிற்று.

கில்பர்ட் வேறோர் அளவையைக் கூறினார். எளிதில் பலிக்கும் 2680-ஐ ஒதுக்கிவிட்டு, பலித்த 28-ஐ, பலித்தவை பொய்த்தவை தவறவிட்டவை ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையாகிய 123-ஆல் வகுத்தல் வேண்டும் என்றார். அப்போது ஃபின்லியின் மதிப்பெண் ஏறத்தாழ 0.23 ஆகக் குறைகிறது. தத்துவ அறிஞரும் தருக்க நூல் வல்லுநருமாகிய சார்ல்ஸ் சாண்டர்ஸ் பர்ஸ் அதே ஆண்டு மற்றொரு வழியைச் சொன்னார். சுழற்காற்று வீசிய 51-இல் 28-ஐக் கண்டுபிடித்தமை ஒரு விகிதம். வீசாத 2752-இல் 72 முறை வீணே அச்சுறுத்தியமை இன்னொரு விகிதம். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் உண்மைத் திறன் தெரியும் என்றார். அம்முறையில் விடை ஏறத்தாழ 0.52. ஒன்றும் செய்யாமல் ‘வாராது’ என்பவருக்கோ இவ்விரு முறைகளிலும் பூச்சியமே கிடைக்கும். நீதி நிலைநாட்டப்பெற்றது.

இக்கதைக்கு ஒரு பின்னிகழ்ச்சி உண்டு. பிற்காலத்தில் பல பத்தாண்டுகள் அந்நாட்டு அரசின் வானிலை அறிவிப்புகளில் ‘டோர்னேடோ’ என்னும் சொல்லே விலக்கப்பட்டிருந்தது. மக்கள் அஞ்சிக் கலங்குவர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஒரு வகையில், ‘வாராது’ என்றே சொல்லிக் கொண்டிருந்த அந்தக் கற்பனை மனிதரின் இருக்கையில் அரசே அமர்ந்துகொண்டது எனலாம்.

நூலகம் தந்த இரு சொற்கள்

இன்று பொறிகளுக்கு இடப்படும் மதிப்பெண்களில் இரண்டு மிகவும் வழக்கிலுள்ளவை. பொறி ‘ஆம்’ என்று சொன்னவற்றுள் உண்மையில் ஆமானவை எத்தனை பங்கு என்பது துல்லியம். உண்மையில் ஆமானவற்றுள் பொறி கண்டுபிடித்தவை எத்தனை பங்கு என்பது மீட்பு. ஃபின்லிக்குத் துல்லியம் 100-க்கு 28. மீட்பு 51-க்கு 28.

புலி வருகிறது புலி வருகிறது என்று பொய்க்கூச்சலிட்ட சிறுவனுக்குத் துல்லியம் இல்லை. புலி வந்தும் வாய் திறவாத காவற்காரனுக்கு மீட்பு இல்லை. இரண்டும் குற்றமே, ஆனால் வெவ்வேறு குற்றங்கள்.

இவ்விரு அளவைகளும் நூலகத்தில் வளர்ந்தவை என்பது தமிழர் அறிந்து மகிழத்தக்க செய்தி. ஏனெனில், அந்த வரலாற்றில் சீர்காழியில் பிறந்த ஒரு தமிழருக்கும் இடமுண்டு. 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், கணிதம் பயின்று, ஆசிரியப் பயிற்சியும் பெற்று, மங்களூரிலும் கோவையிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். இலண்டன் சென்று நூலகக் கலை பயின்றபோது, அங்குள்ள வகைப்பாட்டு முறைகள் ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் அடைக்க முயல்வதைக் கண்டு மனநிறைவு கொள்ளவில்லை. ஒரு கடையில் ‘மெக்கானோ’ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில இரும்புத் தகடுகளையும் திருகாணிகளையும் வெவ்வேறாகப் பொருத்திப் பலவகைப் பொம்மைகள் செய்யலாம் என்பது அவருக்கு ஒரு புதுக்கருத்தைத் தந்தது. பொருளைக் கூறு கூறாகப் பகுத்து, அக்கூறுகளைச் சேர்த்து நூலுக்கு எண் அமைக்கும் கோலன் வகைப்பாடு 1933-இல் வெளிவந்தது. இக்கூறுவழி வகைப்பாடு இங்கிலாந்திலும் பெரிதும் பேசப்பட்டது.

எந்த வகைப்பாடு சிறந்தது என்ற வாதம் நூலகத் துறையில் நெடுங்காலம் நிகழ்ந்தது. வாதத்தால் தீராத ஒன்றைச் சோதனையால் தீர்க்க முற்பட்டவர் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு வானூர்திக் கல்லூரியின் நூலகர் சிரில் கிளெவர்டன். 1957-இல் தொடங்கி 1962-இல் முடிந்த முதற்சோதனையில், 18,000 ஆவணங்களை நான்கு முறைகளில் வகைப்படுத்தி, 1,200 வினாக்களால் தேடிப் பார்த்தனர். நான்கனுள் ஒன்று கூறுவழி வகைப்பாடு. முடிவு பலரையும் வியக்க வைத்தது. நான்கு முறைகளுக்கும் இடையே பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை; கூறுவழி வகைப்பாடு சற்றே பின்தங்கியது. தொடர்ந்து நிகழ்ந்த இரண்டாம் சோதனையில் 1,400 ஆவணங்களைக் கொண்டு, துல்லியமும் மீட்பும் எவ்வாறு ஒன்றையொன்று இழுக்கின்றன என்பதை ஆராய்ந்தனர். வலையை அகல வீசினால் மீன் தப்பாது. ஆயின் குப்பையும் சேரும். வலையைச் சுருக்கினால் குப்பை குறையும், மீனும் தப்பும்.

இவ்விரண்டையும் இணைத்து ஒரே எண்ணாகக் கூறும் முறையை வான் ரைஸ்பெர்கன் 1979-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். அதிலிருந்து பிறந்த அளவைக்கே இன்று ‘எஃப்’ மதிப்பெண் என்று பெயர். ஃபின்லிக்கு அதனைக் கணக்கிட்டால், பலித்த 28-இன் இருமடங்கை, 100-உம் 51-உம் சேர்ந்த 151-ஆல் வகுத்து, ஏறத்தாழ 0.37 எனக் காணலாம்.

இங்கேதான் எச்சரிக்கையின் முளை தோன்றுகிறது. நூலகத்திற்கு ஒருவர் வந்து ஒரு பொருள் பற்றிய நூல்களைக் கேட்கிறார். நூலகர் உள்ளே சென்று வெறுங்கையுடன் திரும்புகிறார். அவர் தந்த நூல்களில் பொருத்தமானவை எத்தனை பங்கு? தந்தவை பூச்சியம், பொருத்தமானவையும் பூச்சியம். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்கச் சொன்னால் விடை என்ன?

பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தவர்கள்

இவ்வினாவை முதன்முதல் நேர்நின்று கேட்டவர்கள் பாரத நாட்டுக் கணித அறிஞர்கள். பூச்சியம் ஒரு வெற்றிடக் குறியாகப் பல நாடுகளில் இருந்திருக்கிறது. தமிழர் பழைய எண்முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறிகள் இருந்தமையால், அறுநூற்றைந்து என்பதை ௬௱௫ என்று பூச்சியமின்றியே எழுதினர். அதே அறுநூற்றைந்தை இடமதிப்பு முறையில் பூச்சியத்துடன் பொறித்த கல்வெட்டுகள் தென்கிழக்காசியாவில் கிடைத்துள்ளன. கம்போடியாவின் சம்போரில் ஒன்று. சுமத்திராவின் பாலெம்பாங் நகருக்கருகே 1920-இல் கண்டெடுக்கப்பட்ட கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு மற்றொன்று. பின்னது பழைய மலாய் மொழியில் பல்லவ எழுத்தில் அமைந்தது. இரண்டும் சக ஆண்டு 605-ஐக் குறிப்பவை, அது கி.பி. 683. மலாக்கா நீரிணைக்கு அப்பாலுள்ள மண்ணிலேயே பூச்சியத்தின் இவ்வளவு பழைய சுவடு கிடைத்திருப்பது மலேசிய மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது.

பூச்சியத்தை வெறுங்குறியாகக் கொள்ளாமல், கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் வகுக்கவும் தக்க ஓர் எண்ணாகக் கொண்டு விதி வகுத்தவர் பிரம்மகுப்தர். 628-ஆம் ஆண்டில் அவர் இயற்றிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில், பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியமே என்று கூறினார். வேறோர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால், பூச்சியத்தைக் கீழ்வாயாகக் கொண்ட பின்னமாகவே அதனை விட்டுவிட்டார். சுமார் 850-இல் இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் வாழ்ந்த மகாவீரர், தம் கணிதசார சங்கிரகத்தில், ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் அவ்வெண் மாறாமலே நிற்கும் என்றார். இந்நூலை 1912-இல் சென்னையில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தவர் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மா. ரங்காசாரியார். பன்னிரண்டாம் நூற்றாண்டில், 1150-இல் லீலாவதியை இயற்றிய இரண்டாம் பாஸ்கரர், பூச்சியத்தால் வகுபட்ட எண்ணுக்குக் ‘ககரம்’ என்று பெயரிட்டு, அது எல்லையற்றது என்று தம் பீஜகணிதத்தில் விளக்கினார்.

மூவரும் மூன்று விடை கூறினர். இக்காலக் கணிதம் நான்காவதாக ஒன்றைக் கூறுகிறது: விடை இல்லை. ஏன்? ஆறை மூன்றால் வகுத்தால் இரண்டு என்பதன் பொருள், இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறு வரும் என்பதே. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்கும்போது, எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியம் வரும் என்று கேட்கிறோம். எல்லா எண்ணும் வரும்! ஒன்றும் பொருந்தும், நூறும் பொருந்தும். எல்லாம் விடையாகும் இடத்தில் எதுவும் விடையன்று. பிரம்மகுப்தர் தவறினார் என்று எளிதில் நகைத்தல் தகாது. கேட்கவே பிறர் எண்ணாத வினாவைக் கேட்டவர் அவர்.

பொறி எடுத்துக்கொண்ட நிலை

கணிப்பொறிகள் பின்னக் கணக்கை எவ்வாறு செய்தல் வேண்டும் என்ற பொது நியதி 1985-இல் ஏற்பட்டது. ‘ஐ.ஈ.ஈ.ஈ. 754’ என்பது அதன் பெயர். அதன்படி, பூச்சியமல்லாத எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் எல்லையின்மைக் குறி கிடைக்கும். இது பாஸ்கரர் சொன்னதற்கு அணித்தாய் நிற்பது. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் ‘எண்ணன்று’ என்னும் தனிக்குறி கிடைக்கும். ஆங்கிலத்தில் அதனை ‘நேன்’ என்று சுருக்கிச் சொல்வர். பள்ளிப் பதிவேட்டின் ‘வரவில்லை’ என்னும் குறியே பொறிக்குள் புகுந்ததுபோல் இது தோன்றுகிறது.

எந்திரக் கற்றலுக்குப் பலரும் பயன்படுத்தும் மென்பொருள் தொகுப்பு ‘சைக்கிட்-லேர்ன்’. டேவிட் கூர்னப்போ என்பவரால் 2007-இல் தொடங்கப்பெற்று, 2010-இல் பொதுவில் வெளியிடப்பட்டது. பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியில் இயங்குவது. துல்லியம் கணக்கிடும்போது பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க நேர்ந்தால் இத்தொகுப்பு என்ன செய்கிறது? பூச்சியம் என்று விடை எழுதிவிட்டு, ‘அன்டிஃபைன்ட் மெட்ரிக் வார்னிங்’, அதாவது ‘வரையறையற்ற அளவை’ என்னும் எச்சரிக்கையைத் திரையில் காட்டுகிறது. விடை பிரம்மகுப்தருடையது, உடன் சேர்ந்த எச்சரிக்கை இக்காலத்தது.

2019-இன் இறுதியில் வெளிவந்த பதிப்பிலிருந்து, இத்தகைய இடத்தில் என்ன எழுதவேண்டும் என்பதைப் பயன்படுத்துவோரே முடிவு செய்ய ‘ஜீரோ டிவிஷன்’ என்னும் ஒரு திருகு வைக்கப்பட்டது. பூச்சியம் என்று வைக்கலாம். ஒன்று என்று வைக்கலாம். 2023-இல் வந்த பதிப்பிலிருந்து ‘எண்ணன்று’ என்றும் வைக்கலாம். எதனையாவது இவ்வாறு வெளிப்படையாகத் தேர்ந்தெடுத்தால் எச்சரிக்கை நின்றுவிடும். முடிவைப் பொறியிடமிருந்து மனிதன் ஏற்றுக்கொண்டான் என்பதே அதன் பொருள்.

எச்சரிக்கையைப் படிக்கும் முறை

எச்சரிக்கைகள் எல்லாம் ஒன்றல்ல. துல்லியம் வரையறையற்றது என்றால், பொறி அந்த வகையின் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பது பொருள். மீட்பு வரையறையற்றது என்றால், தேர்வுத்தாளில் அந்த வகையைச் சேர்ந்த உண்மையான எடுத்துக்காட்டே இல்லை என்பது பொருள். முன்னது பெரும்பாலும் மாணவன் குறை. பின்னது தேர்வு வைத்தவர் குறை. ஆகவே, எச்சரிக்கையில் எந்த அளவையின் பெயர் இருக்கிறது என்பதையே முதலில் நோக்குதல் வேண்டும்.

ஃபின்லியின் கணக்கிற்குத் திரும்பினால் இது விளங்கும். ‘வாராது’ என்றே சொன்னவருக்கு மீட்பு 51-க்கு பூச்சியம். இது அறிந்த பூச்சியம், இதில் ஐயமில்லை. துல்லியமோ பூச்சியத்துக்குப் பூச்சியம். எச்சரிக்கை இதற்கே எழும். எஃப் மதிப்பெண் 51-க்கு பூச்சியம். அதுவும் அறிந்த பூச்சியமே. இங்கே துல்லியத்தைப் பூச்சியம் என்று எழுதிவிட்டாலும் பெரிய அநீதி நேர்ந்துவிடாது. 51 இடங்களில் அழிவு வந்தபோது வாய் திறவாதவர் அவர்.

ஆனால், சுழற்காற்றே வீசாத ஒரு பருவத்தைக் கருதுக. அப்பருவத்தில் ஒருவர் ‘வாராது’ என்றே எப்பொழுதும் சொன்னார் என்று கொள்க. அவர் சொன்ன ஒவ்வொன்றும் மெய். ஆயினும் துல்லியம், மீட்பு, எஃப் மதிப்பெண் ஆகிய மூன்றுமே பூச்சியத்துக்குப் பூச்சியம்! பொறியின் இயல்பான வழக்கப்படி மூன்று பூச்சியங்களும் எச்சரிக்கையும் கிடைக்கும். எச்சரிக்கையைப் படியாதவர், குற்றமற்றவரைக் கடையர் என்று எழுதிவிடுவர். இதே நிலைதான் இல்லாத நூலைத் தேடி வெறுங்கையுடன் வந்த நூலகருக்கும். அவர் செய்தது சரியே. நூலகத்தில் நூல் இல்லை என்பதே அவர் கொணர்ந்த விடை.

இது சராசரியில் பெரிய மாற்றத்தை விளைவிக்கும். நான்கு வகைகளில் மூன்றுக்கு மதிப்பெண் 0.9, 0.8, 0.7 என்று வந்து, நான்காவது வரையறையற்றதாயிற்று என்று கொள்க. அதனைப் பூச்சியமாகக் கொண்டால் சராசரி 0.60. ‘எண்ணன்று’ என்று ஒதுக்கினால் 0.80. ஒன்று என்று வைத்தால் 0.85. பொறி ஒன்றே, தாள் ஒன்றே, விடைகளும் அவையே. மதிப்பெண் மட்டும் மூன்று. எத்திருகு எவ்வாறு வைக்கப்பட்டது என்று சொல்லாமல் சராசரியை மட்டும் வெளியிடுவது, படியின் அளவைச் சொல்லாமல் நெல்லை அளந்து கொடுப்பது போன்றது.

இன்னொரு நுட்பமும் உண்டு. பைத்தான் மொழியின் இயல்பான ஏற்பாட்டில், ஒரே இடத்திலிருந்து எழும் ஒரே எச்சரிக்கை முதல் முறை மட்டுமே காட்டப்படும். ஒருமுறை தோன்றியது என்பதனால் ஒருமுறைதான் நேர்ந்தது என்று எண்ணுதல் கூடாது. தரவுகளை ஐந்து கூறாகப் பிரித்துச் சுழற்சியாகத் தேர்வு வைக்கும்போது இதனைச் சிறப்பாகக் கருத்தில் வைக்க வேண்டும்.

எச்சரிக்கைக்கு மருந்து, அதன் காரணத்தை நாடுவதே. அரிய வகையின் எடுத்துக்காட்டுகள் மிகக் குறைவாக இருக்கலாம். கூடுதலாகத் திரட்டுதல் வேண்டும். கண்ணை மூடிப் பிரித்ததால் ஒரு கூறில் அவ்வகை விழாமற் போயிருக்கலாம்; வகைதோறும் உரிய விகிதத்தில் பங்கிடும் முறையைக் கையாளலாம். பங்கிட வேண்டிய கூறுகளைவிட எடுத்துக்காட்டுகள் குறைவாக இருந்தால், அதற்கும் தொகுப்பு தனியே ஓர் எச்சரிக்கை விடும். இவற்றை எல்லாம் செய்தும் ஒரு வகை வரையறையற்றதாகவே நின்றால், அதனை ஒளிக்காமல், இத்தனை எடுத்துக்காட்டுகளுள் இத்தனை என்று எண்ணிக்கையையே எழுதிவிடுதல் நேர்மை.

சிறியோர் மறைந்து போகும் இடம்

இவையெல்லாம் கணக்கர் வேலை. மற்றவர்க்கு இதனால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். செடெனாக் போன்ற ஊர்களில் வாழ்வோர்க்கே இதனால் ஆவது மிகுதி.

ஒரு செம்பனைத் தோட்டத்தைக் கருதுக. ‘கானோடெர்மா’ என்னும் பூசணத்தால் அடித்தண்டு அழுகும் நோய் மலேசியச் செம்பனைக்குப் பெரும்பகை. வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு இந்நோயைக் கண்டறியும் ஆராய்ச்சிகள் இந்நாட்டில் நடைபெறுகின்றன. ஒரு பொறிக்கு 1000 மரங்களைக் காட்டிச் சோதிக்கின்றனர். அவற்றுள் 20 நோயுற்றவை என்று கொள்க. பொறி ஆயிரத்தையும் நலமுள்ளவை என்று சொன்னால் 98 விழுக்காடு சரி. கிராணியின் மேசைக்கு வரும் தாளில் 98 மட்டும் இருக்கும். இருபது மரங்களும் விழும் வரை நோய் பரவும். அதே தாளில் அன்று எழுந்த எச்சரிக்கையையும் ஒரு வரி எழுதியிருந்தால், இப்பொறி நோய் என்ற சொல்லையே உச்சரிக்கவில்லை என்பது தெரிந்திருக்கும்.

மொழிக்கும் இதுவே. மலேசியாவில் எழுதப்படும் வரிகளை மொழிவாரியாகப் பிரிக்கும் ஒரு பொறிக்கு, மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் ஆயிரக்கணக்கான எடுத்துக்காட்டுகளும், தமிழில் ஒரு கைப்பிடியும் கொடுத்தார்கள் என்று கொள்க. அதிலும், நம்மவர் பலர் கைப்பேசியில் எழுதுவதுபோல் உரோமன் எழுத்தில் எழுதப்பட்ட தமிழே பெரும்பகுதி என்றும் கொள்க. பொறி தமிழ் என்ற தீர்ப்பை ஒருபோதும் சொல்லாமலே மிக உயர்ந்த மதிப்பெண் பெறலாம். அப்போது தமிழர்க்காகத் திரையில் எழும் ஒரே குரல், ‘துல்லியம் வரையறையற்றது’ என்னும் அந்த எச்சரிக்கைதான். அதனையும் இரைச்சல் என்று அடைத்துவிட்டால், அம்மொழி தேர்வில் தோற்றதாகக்கூடப் பதிவாகாது. தேர்வு மண்டபத்தில் இருந்ததாகவே தெரியாது.

பள்ளிக் கணக்கும் இதற்குப் புறம்பன்று. மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பல, தோட்டப்புறத்திலுள்ள சிறு பள்ளிகள். 1988-இல் தொடங்கப்பட்டு 2021-இல் நீக்கப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்காலத்தில், தேர்ச்சி விழுக்காடே பள்ளிக்கு நெற்றித் திலகமாயிருந்தது. இரண்டு பேர் தேர்வெழுதும் பள்ளியில் ஒருவன் தவறினால் தேர்ச்சி 50 விழுக்காடு. ஓர் ஆண்டில் ஆறாம் வகுப்பில் எவருமே இல்லாத பள்ளிக்குத் தேர்ச்சி விழுக்காடு என்ன? பூச்சியத்துக்குப் பூச்சியம். பட்டியல் தயாரிப்பவர் அங்கே ஒரு கோடு இழுத்தால் அது மெய். பூச்சியம் இட்டால் அது பழி. வகுப்பில் பிள்ளை இல்லை என்பதும் வகுப்பிலுள்ள பிள்ளைக்கு அறிவில்லை என்பதும் ஒன்றாகுமா?

எண்கள் பொய் சொல்வதில்லை என்பர். உண்மையில், எண்கள் தாமாக எதுவும் சொல்வதில்லை. எழுதுவோர் சொல்வதைத்தான் அவை சொல்கின்றன. பிரம்மகுப்தர் காலத்திலிருந்து பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அறிஞர் பலர் ஆராய்ந்து தெளிந்தது, விடை இல்லாத இடத்தில் விடை இல்லை என்று சொல்வதும் கணிதமே என்பதாகும். கணிப்பொறி அதனைத் தன்னால் இயன்ற மொழியில் ஒரு வரியில் அறிவித்துவிடுகிறது. மாணவன் தவறினானா, வரவில்லையா, அல்லது அவனை யாருமே தேர்வுக்கு அழைக்கவில்லையா என்று விசாரித்து எழுதும் கடமை மனிதனுடையது. அக்கடமையைப் பொறிமேல் ஏற்ற முடியாது. ஏற்றினால், பொறி அதனை மறுக்காது; பூச்சியம் என்று எழுதிவிட்டு அடுத்த கணக்கிற்குச் சென்றுவிடும்.